காரைப் பதிக்கிறது பிழையில்லை, ஸ்பிரிங்கை வெட்டுறதுதான் பிழை

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் மெரின் டிரைவ் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில் வைத்து, எங்களில் ஒருத்தன்ர பழைய ஹோண்டா சிவிக்கை ஜக்கில் ஏத்தி, கிரைண்டரால் நாலு ஸ்பிரிங்கிலயும் ஒன்றரைச் சுத்து வெட்டினோம். செலவு ஒரு கட்டிங் டிஸ்க்கும் நாலு பிளேன்டீயும்தான். கார் பார்க்க வடிவாத்தான் இருந்தது. படம் எடுத்துப் போட்டோம், லைக்கும் விழுந்தது.

மூன்றாம் கிழமை, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கேக்க முன்பக்க ஸ்பிரிங் இருந்த இடத்தை விட்டு விலகிட்டுது. டயர் மட்கார்ட்டில் உரசி, ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தது. பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்த ஒரு அம்மா மதிலோட ஒட்டி நின்றா. ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதில் எங்கட கெட்டித்தனம் துளியும் இல்லை. அந்த அம்மாவிட்ட மன்னிப்புக் கேட்கக்கூட எங்களுக்கு வாய் வரேல்ல.

பிறகு எங்களுக்கு ரெண்டு வகையான புத்திமதி கிடைத்தது. வீட்டில பெரியாக்கள்: "உனக்கேன் இந்த வேலை? பொலிஸின்ர கண்ணில படாம இரு." கூட்டாளிமார்: "நீங்க வெட்டின விதம் பிழை மச்சான், காஸ் அடிச்சுச் சூடாக்கி இறக்கியிருக்கணும்." ரெண்டோடயும் எங்களுக்குச் சண்டை இருக்கு.

முதலில் பெரியாக்கள். அவர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி கொழும்பை விட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. அந்தக் காலத்தில் இந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் சத்தம் போடாமல், பார்வையில் படாமல் இருக்கப் பழகினார்கள். அதை நாங்கள் நக்கலடிக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கட தலையில் கட்ட வேண்டாம். ஒரு பொடியன் தன்ர காரை நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமில்லை.

இது எங்கட ஊரில் மட்டும் உள்ள கதையுமில்லை. கலிபோர்னியாவில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் கார்களைப் பதித்து ஓட்டினார்கள். சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. அவர்கள் அடங்கிப் போகவில்லை. ஹைட்ரோலிக் பம்ப் பூட்டினார்கள்: வேணுமென்றால் கார் உயரும், வேணுமென்றால் பதியும். பதித்த கார்களில் ஊர்வலமாய்ச் சுற்றுவதை நகரசபைகள் தடை செய்யும் அதிகாரத்தை அதே மாநிலம் 2023இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அவர்கள் வென்றது வேலையைத் தெரிந்து செய்ததால். எங்கட பக்கம் பலவீனமாய் இருப்பது அங்கேதான்.

இனிக் கூட்டாளிமாரிட்ட வருவோம். ஸ்பிரிங்கை வெட்டினால் அது கட்டையாகிறது மட்டுமில்லை, இறுகியும் போகும். வேலை செய்கிற சுத்து ஆறு இருந்து, அதில் ஒன்றரையை வெட்டினால் இறுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஷொக் அப்சோர்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துச் செய்தது. கூடின இறுக்கத்தை அதால் அடக்க ஏலாது. கார் துள்ளும். துள்ளுகிற டயர் றோட்டைப் பிடிக்காது. பிடிக்காத டயரில் பிரேக் அடித்து என்ன பலன்? சக்கரம் கீழே தொங்குகிற நேரம் கட்டையான ஸ்பிரிங் தளர்ந்து தன்ர இடத்தை விட்டு விலகலாம். எங்களுக்கு நடந்தது அதுதான். சக்கரம் உள்ளுக்குச் சரிந்து டயரின் உட்பக்கம் தேயும். காஸ் அடித்துச் சூடாக்கினால் இன்னும் மோசம், இரும்பின் பதமே போயிடும்.

"காசில்லை மச்சான்" என்பீர்கள். உண்மைதான். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியில் தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய காரின் விலையே எங்கேயோ ஏறிட்டுது. தொண்ணூறுகளில் வந்த சிவிக்தான் எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். அதை வாங்கவே கடன். ஆனால் காசில்லாதது எங்கட பிரச்சினை. அதற்கான விலையை றோட்டில் நடந்து போகிற பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்?

அரசாங்கத்தையும் சும்மா விட ஏலாது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருசா வருசம் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் இருக்கு. தனியார் காரின் அடியில் குனிந்து பார்க்க ஒருத்தரும் இல்லை. 'க்ளீன் ஸ்ரீலங்கா' தொடங்கின 2025 ஜனவரியில் பஸ்ஸிலயும் ஓட்டோவிலயும் இருந்த அலங்காரங்களைக் கழட்டப் பொலிஸ் இறங்கியது. கண்ணுக்குத் தெரிகிறதைப் பிடிக்கிறார்கள். வெட்டின ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானில் காரின் அடிக்கும் தரைக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்று அளந்து பார்க்கிறார்கள். ஜெர்மனியில் மாற்றின ஸ்பிரிங்கைப் பரிசோதித்துப் பத்திரத்தில் பதிகிறார்கள். இங்கே அளவுகோலாய் இருப்பது மறிக்கிற பொலிஸ்காரரின் மனநிலை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: கட்டணம் வாங்குங்கோ, காரைத் தூக்கிப் பாருங்கோ, சரியென்றால் எழுதித் தாங்கோ, பிழையென்றால் கழட்டச் சொல்லுங்கோ.

அது வரும்வரைக்கும், தம்பிமாரே, தங்கச்சிமாரே, வீட்டில் செய்கிறதென்றால் இப்படிச் செய்யுங்கோ. உங்கட காருக்கென்றே செய்த பதிவான ஸ்பிரிங் வாங்குங்கோ, அதோடு ஒத்துப்போகிற ஷொக்கும் வாங்குங்கோ. பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் தேடினால், கசிவும் துருவும் இருக்கா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கோ. கம்பிரசர் கிளாம்ப் போட்டு ஸ்பிரிங்கை அமத்தாமல் மேல் நட்டைக் கழட்டாதீங்கோ, அடக்கி வைத்த ஸ்பிரிங் முகத்தை உடைக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்காதீங்கோ, ஸ்டாண்ட் வையுங்கோ. முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் சரி பாருங்கோ. 3 சென்ரிமீற்றர் போதும். மழை பெய்தால் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிற்கிற தண்ணியையும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகள் குழப்பி வைத்திருக்கிற றோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கோ. அதற்கு மேல் பதித்தால் ஒயில் சம்ப் உடையும்.

எங்கட சிவிக்கில் இப்ப கொம்பனி உயரத்தில் பழைய ஸ்பிரிங் நாலு பூட்டியிருக்கு. வான் மாதிரி நிற்குது என்று பொடியள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல செட் ஒன்றுக்குச் சேர்க்கிறோம். காரைப் பதிப்போம், ஆனால் வெட்ட மாட்டோம்.