இன்டர்நேஷனல் பள்ளியும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும்

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம். அங்குள்ள இன்டர்நேஷனல் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்குக் கட்டும் தொகை, நம் தோல் பட்டறைத் தொழிலாளியின் பல ஆண்டுக் கூலி. கம்பெனிச் செலவில் குடிபெயர்ந்து வரும் வெளிநாட்டு அதிகாரிக்கு அது ஒரு பொருட்டல்ல. பெரும்பாலும் கம்பெனியே கட்டிவிடும். நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தான். நமக்குக் கட்டுவார் யார்? இருந்தும் இட்லிக் கூடை சுமக்கும் தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள், அப்படிப்பட்ட படிப்பு எங்கள் பிள்ளைக்குக் கிடைக்காதா என்று. நியாயமான கேள்வி. இதைப் பேராசை என்று சிரிப்பவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எந்த வாரியத்தின் பாடத்திட்டம் என்று சட்டம் பார்ப்பதில்லை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு என்று வடிகட்டுவதும் குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நன்கொடை கேட்டாலோ கேட்ட தொகையின் பத்து மடங்கு வரை அபராதம். "அப்பா என்ன படித்திருக்கிறார்?" என்று கேட்டு நம் தோழர்களைத் தலைகுனிய வைக்கும் உரிமை எந்தத் தலைமையாசிரியருக்கும் கிடையாது.

ஆனால் மராட்டியத்தில் விண்ணப்பத்தைத் திறந்தால் தெரியும், புலம்பெயர்ந்தவனுக்கு எத்தனை முள்வேலி என்று. ரேஷன் கார்டு ஊரில் கிடக்கும். வாடகை வீட்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் கேட்பார்கள். நம் குடியிருப்புகளில் எந்த வீட்டுக்காரர் அதைப் பதிவு செய்து தருகிறார்? ஒரு லட்சத்துக்குள் ஆண்டு வருமானம் என்பதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். கணினியில் வீட்டைக் காட்டும் புள்ளி சற்றுத் தவறினாலும், குலுக்கலில் வந்த இடம் சரிபார்ப்பில் பறிபோகலாம்.

எல்லாவற்றிலும் கொடுமை சாதிச் சான்று. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியான ஆதிதிராவிடத் தோழர் ரயிலேறி இங்கு இறங்கியதும் ஒடுக்கப்பட்டவர் இல்லையாம்! 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே தம் முன்னோர் இந்த மாநிலத்தில் குடியிருந்ததாக அவர் காட்ட வேண்டும். ஊரில் சேரி, இங்கே சேரி, காகிதத்தில் மட்டும் பொதுப்பிரிவு. மாநில எல்லையைத் தாண்டியதும் தீண்டாமை கழன்று விழுந்துவிடுகிறதா? இப்படிப்பட்டவர்களுக்கு இன்று திறந்திருப்பது பெரும்பாலும் வருமான வழி ஒன்றே.

இந்தக் குறுகிய கதவையும் சாத்தப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் மராட்டிய அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி 25 விழுக்காடு தர வேண்டியதில்லை என்று விதியைத் திருத்தியது. மும்பையில் எந்தப் பள்ளிக்குத்தான் ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இல்லை? மும்பை உயர்நீதிமன்றம் மே மாதம் அதற்குத் தடை விதித்து, ஜூலையில் செல்லாதென்று அடித்தது.

சிறுபான்மை நிறுவனங்கள் வேறு கதை. 2014-இல் உச்சநீதிமன்றம் அவற்றுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. கிறித்துவப் பள்ளிகளைப் போலவே மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் அந்தக் குடையின்கீழ் வருகின்றன. தமிழின் பெயரால் விலக்குப் பெறும் நிர்வாகிகளை நாம் கேட்கிறோம்: தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைக்கு எத்தனை இடம் தருகிறீர்கள்? பொங்கல் விழா மேடையில் எங்களுக்கு இடம் வேண்டாம், வகுப்பறையில் கொடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. இலவசம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவதில் முழுக் கட்டணமும் தலையில் விழும். அந்த நேரத்தில் பிள்ளையை எந்தப் பாடத்திட்டத்துக்கு மாற்றுவது என்று இப்போதே யோசித்துவிட்டுத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மராட்டியத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா வாரியப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். நெல்லைக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பினால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். வேலை போனால் ஊருக்குத் திரும்புகிற குடும்பம், பிள்ளைக்கு வீட்டிலாவது தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தராவிட்டால் அங்கே அது மறுபடியும் அகர முதலில் தொடங்க வேண்டியிருக்கும்.

நம்மவர் பலர் கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது. மும்பை மாநகராட்சியே இப்போது பன்னாட்டுப் பாடத்திட்டங்களைத் தொடங்கியிருக்கிறது. மாட்டுங்காவில் கேம்பிரிட்ஜ் முறை, விலே பார்லேயில் ஐ.பி. முறை. கட்டணம் இல்லை. மாட்டுங்கா தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாதிச் சான்று ஊரில் செல்லும், இங்கே செல்லாது என்று தவிக்கும் குடும்பம் முதலில் அங்கே விசாரிக்கட்டும். ஒன்றிரண்டு பள்ளிகளைக் காட்சிக்கு வைத்துவிட்டு, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளை ஆசிரியரில்லாமல் வாடவிடுவதை நாம் ஏற்கவில்லை. கேம்பிரிட்ஜ் வகுப்புக்கு ஆள் போட முடிந்தவர்களுக்குத் தமிழ் வகுப்புக்கும் ஆள் போட முடியும்.

தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டுக்கான விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். வருமானச் சான்றுக்கு அதற்கு முன்பே மனுச் செய்யுங்கள். பிறப்புச் சான்றை ஊரிலிருந்து வரவழையுங்கள். அது இல்லையென்பதற்காக மட்டும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது, மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பள்ளிகள் வரை குறிக்கலாம், பத்தையும் குறியுங்கள். தனியே போகாமல் ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து வார்டு கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.