காலைத் தரையில் தட்டுகிறாரா, பாருங்கள்

நார்வேயில் விடிகாலைக் கச்சேரி என்று ஒரு சமாசாரம் உண்டு. ஏரிக்கரையில் ஜனங்கள் போர்வையும் ஃப்ளாஸ்க் காப்பியுமாக உட்கார்ந்திருக்க, ஒருத்தர் சாக்ஸஃபோன் ஊதுவார். பக்கத்தில் ஒருத்தர் ஹார்டாங்கர் ஃபிடில் வாசிப்பார். ஜாஸும் நாட்டுப்புற இசையும் கலந்த கச்சேரி. கேட்க நன்றாகவே இருக்கும். எனக்கு ஆட்சேபணை கச்சேரி மேல் இல்லை. 'பனியின் மௌனம், மலையின் தியானம்' என்று அதை விற்கிறார்களே, அந்த வியாபாரத்தின் மேல்.

அந்த ஃபிடிலைப் பாருங்கள். மேலே நாலு தந்தி, அடியில் நாலோ ஐந்தோ. அடித்தந்திகளை வில் தொடவே தொடாது. மேலே வாசிக்க வாசிக்க அவை தானாக அதிரும், நம்ம சிதாரில் இருக்கிற மாதிரி. இது தியானத்துக்கா பயன்பட்டது? கல்யாண வீட்டில் ஆடுவதற்கு! ஹாலிங் என்று ஒரு ஆட்டம். கோல் நுனியில் தொப்பியை மாட்டி உயரப் பிடிப்பார்கள். ஆடுகிறவன் எகிறி அதை உதைத்துத் தள்ள வேண்டும். குடியும் கைகலப்பும் கூடவே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத எழுச்சிக்காரர்கள் 'சாத்தானின் வாத்தியம்' என்று சொல்லிப் பல ஃபிடில்களைத் தீயில் போட வைத்தார்கள். செய்தது அக்கிரமம்தான். ஆனாலும் இன்றைய விளம்பரக்காரர்களைவிட அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

விடியல் என்றதும் க்ரீக்கின் 'காலை' இசை ஞாபகம் வரும். ரிங்டோனாகக்கூடக் கேட்டிருப்பீர்கள். ஃபியோர்டில் சூரியன் எழுகிற மாதிரி இருக்கிறதா? 1876-ல் இப்சனின் 'பீர் கிண்ட்' நாடகத்தோடு மேடையேறிய அந்த இசையில் விடிவது நார்வே இல்லை சார், மொராக்கோ! வடக்கே டிராம்ஸோவில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. அங்கே எந்த விடியலுக்குக் கச்சேரி வைப்பார்களோ.

இன்னொரு கோஷ்டி, சுத்தவாதிகள். ஜாஸைக் கலந்து கெடுத்துட்டான் என்பார்கள். எப்போ கலக்காமல் இருந்தது? பழைய ஆட்ட மெட்டுகள் தன்னோடு போய்விடுமே என்று கவலைப்பட்டு க்ரீக்குக்குக் கடிதம் போட்டவர் க்னூட் டாலே என்கிற கிராமத்து ஃபிடில்காரர். 1901-ல் அவர் வாசிக்க, ஹால்வோர்சன் எழுதியெடுக்க, க்ரீக் அவற்றைப் பியானோவுக்குக் கொண்டுபோனார். 1960களில் ஆஸ்லோ வந்த டான் செர்ரி என்கிற கறுப்பின அமெரிக்க டிரம்பெட்காரர்தான், உங்க ஊர்ப் பாட்டையும் வாசியுங்களேன் என்று யான் கார்பாரக்கைத் தூண்டினார். 1973-ல் வெளிவந்த கார்பாரக்கின் 'டிரிப்டிகான்' ஆல்பம் ஒரு கல்யாண ஊர்வல மெட்டோடு முடிகிறது. சொந்த மண்ணைக் காட்டிக்கொடுத்ததே வெளியூர்க்காரர்!

ஆக, கலப்பு பிரச்னையே இல்லை. எதைக் கலக்கிறோம் என்பதுதான் பிரச்னை. ஸ்பிரிங்கார் என்கிற ஆட்டத்துக்கு மூன்று தட்டு. மூன்றும் சமமில்லை. டெலமார்க்கில் நீளம், நடுத்தரம், குட்டை. வால்ட்ரெஸ் பக்கம் போனால் குட்டை, நீளம், நடுத்தரம். இதைக் காகிதத்தில் எழுத முயன்றவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். ஆடுகிற காலைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எழுத்துக்குச் சிக்காத ஸ்விங்கை வைத்துப் பிழைக்கிற ஜாஸ் டிரம்மருக்கு இதைவிட நல்ல கூட்டாளி ஏது? ஆனால் 'தியான' மார்க்கெட்டுக்கு இந்த நொண்டி நடை ஆகாது. அது கேட்பது இழு இழு என்று இழுக்கிற ஒற்றைச் சுரம், கொஞ்சம் எதிரொலி, பின்னால் பனிமூட்டம். அப்படியே இருபது வருஷம் போனால், அந்த மூன்று தட்டைக் காலில் வைத்திருக்க யார் மிச்சம் இருப்பார்கள்?

எனவே, அந்தப் பக்கம் போனாலோ, யூடியூபில் பார்த்தாலோ, கண்ணை மூடி ரசிக்காதீர்கள். ஃபிடில்காரரின் செருப்பைப் பாருங்கள். வாசிக்கும்போது அவர் காலால் தரையைத் தட்ட வேண்டும். தட்டவில்லையா, டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கள்.