மேகத்துக்குள் மறைந்த வெள்ளி! ஊடுருவிப் பார்க்கும் ராடார் கண்

விடிவெள்ளியைப் பார்க்காத உழவர் சேலம், நாமக்கல் பக்கத்தில் இருக்க மாட்டார். சில மாதங்கள் விடியற்காலையில் கிழக்கே மின்னும். சில மாதங்கள் மாலையில் மேற்கே தெரியும்.

அது நட்சத்திரம் அல்ல. ஏறக்குறைய பூமி அளவே உள்ள ஒரு கிரகம்.

மேகப் போர்வை

வெள்ளியைக் கெட்டியான மேகம் எப்போதும் மூடியிருக்கிறது. அது மழை மேகம் அல்ல. கந்தக அமிலத் துளிகள். ஆகவே சாதாரண டெலஸ்கோப்பில் தரை தெரியாது. தரையின் வெப்பம் சுமார் 465 டிகிரி. ஈயம்கூட உருகி ஓடிவிடும்!

ராடார் என்ன செய்கிறது?

வெளிச்சம் புகாத மேகத்தில் ராடாரின் ரேடியோ அலை புகுந்து போகும். தரையில் பட்டுத் திரும்பி வரும். கரடுமுரடான பாறை என்றால் அதிக அலை திரும்பும்; படத்தில் வெளுப்பாகத் தெரியும். வழவழப்பான இடம் என்றால் அலை வேறு பக்கம் தெறித்துவிடும். படத்தில் கறுப்பாகத் தெரியும்.

அமெரிக்காவின் மெகல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றியது. ராடார் மூலம் 98 சதவிகிதத் தரையைப் படம் பிடித்தது. அது 1991-ல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த படங்களை விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். எரிமலை ஒன்றின் வாய் பெரிதாகியிருந்தது! இந்தச் செய்தி 2023-ல் வெளியாயிற்று.

இந்தியாவும் வெள்ளிக்கு விண்கலம் அனுப்பப் போகிறது. இதற்கு மத்திய மந்திரிசபை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. 2028 மார்ச்சில் அனுப்புவது என்று திட்டம். அதிலும் ராடார் உண்டு.

நமக்கு என்ன பயன்?

"மரவள்ளிக் கிழங்குக்கு விலை இல்லை, வெள்ளிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

2022 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, காவிரியில் வெள்ளம் வந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மழை மேகம் சூழ்ந்த நாளில் வானத்துக் காமிரா குருடு. ராடார் குருடல்ல. வயலில் அகலமாக நிற்கும் வெள்ளம் அதன் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளியில் பயன்படும் அதே வித்தைதான் இங்கேயும்!

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் என்ற ராடார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. 12 நாளைக்கு ஒரு முறை அது அதே பாதையில் திரும்ப வரும். ஆனால் வெள்ளம் 12 நாள் காத்திருக்குமா? இத்தகைய செயற்கைக்கோள்கள் இன்னும் பல வேண்டும். அவை எடுக்கும் படத்தைப் படித்து, கலெக்டர் ஆபீசுக்கும் கரையோரக் குடும்பங்களுக்கும் உடனே சேதி சொல்ல ஆட்களும் வேண்டும். வெள்ளிக்குச் செலவிடும் சர்க்கார், இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.