குருவுக்குக் கிடைத்தது, சீடருக்கு இல்லை

மதுரை சோமு மறைந்தது 1989 டிசம்பரில். சென்னையில் சங்கீத சீசன் களைகட்டும் மாதம் அது. ஆண்டுதோறும் அந்த நாட்களில் மியூசிக் அகாடமியின் மாநாட்டுக்கு ஒரு வித்வான் தலைமை வகிப்பார். 'சங்கீத கலாநிதி' ஆவார். அந்த நாற்காலியில் சோமு ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

அவருடைய குரு உட்கார்ந்தார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1898-இல் சித்தூர்ப் பக்கம் புங்கனூரில் பிறந்தவர். காஞ்சிபுரம் போய் நாயனா பிள்ளையிடம் சேர்ந்தார். நாயனா பிள்ளை கச்சேரி என்றால் 'ஃபுல் பெஞ்ச்': மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று மேடை நிறையத் தாள வாத்தியங்கள். அத்தனையையும் சமாளித்துப் பல்லவி பாடுகிறவருக்குத்தான் அங்கே இடம். அந்தக் கணக்கு வழக்கைக் கரைத்துக் குடித்த சித்தூராருக்கு 1954-இல் கலாநிதி கிடைத்தது. பின்னர் திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார்.

சோமு இந்தப் பரம்பரையின் பிள்ளை. குருவிடம் வாங்கிய லயப் பிடியை விடாமல், அதன் மேல் நாகஸ்வரக்காரர்கள் பாணியில் ராகத்தை மணிக்கணக்காக விரித்தார். கோயில் திருவிழாவில் இரவு தொடங்கினால் நள்ளிரவைத் தாண்டும். சங்கீதம் தெரிந்தவர்கள் தொடையில் தாளம் போட, தெரியாதவர்கள் மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். உருப்படிகளை முடித்து ஒரு தமிழ்ப் பாட்டில் அவர் உருகத் தொடங்கினால், கிளம்ப எழுந்தவரும் மறுபடி உட்காருவார். 1972-இல் 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன் மேல் பாடி, சபா வாசலையே மிதிக்காதவர்களுக்கும் தெரிந்தவரானார். 1976-இல் பத்மஸ்ரீ வந்தது. கலாநிதி வரவில்லை.

அவர் மேல் சொல்லப்பட்ட குறைகள் புதிதல்ல. உணர்ச்சி அதிகம், அளவு தெரியாத நீளம், மேடையில் சத்தம். முதல் இரண்டில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குள் அடைத்தால் சோமு பாதி சோமுதான். ஆனால் மூன்றாவது குறை நாயனா பிள்ளை காலத்திலிருந்து வருகிற சொத்து. குருவிடம் மெச்சியதைச் சீடரிடம் குறையாகச் சொல்வது என்ன நியாயம்?

விடுபட்டவர் சோமு மட்டும் அல்ல. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் கலாநிதி இல்லாமலே போனார். எம்.டி. ராமநாதன், ராம்நாட் கிருஷ்ணன், புல்லாங்குழல் மாலி, யாருக்கும் இல்லை. 1966-இல் பாலக்காடு மணி ஐயருக்குக் கொடுக்கும் வரை மிருதங்கக்காரர் எவருக்கும் கிடைத்ததில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு வருடம் முன்பே காலமாகியிருந்தார்.

அமெரிக்காவில் ராக் இசைக்காரர்களுக்கு 'ஹால் ஆஃப் ஃபேம்' என்று ஒன்று இருக்கிறது. முதல் இசைத்தட்டு வந்து 25 வருடம் ஆனால் தகுதி. அங்கேயும் இதே சண்டைதான். சோமு முருகனைப் பாடிய அதே 1972-இல் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டைத் தந்த டீப் பர்ப்பிள் குழுவை 2016 வரை வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 2012-இலேயே இறந்துவிட்டார். ஆனாலும் குழுவோடு அவர் பெயரையும் சேர்த்தார்கள். அங்கே தாமதத்தைத் திருத்த வழி இருக்கிறது. ரசிகர்களுக்கும் 2012-இலிருந்து ஓட்டு உண்டு, பெயருக்காவது.

கலாநிதியில் அது நடக்காது. மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிறவருக்கான பட்டம் என்பதால் உயிரோடு இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருவர் என்பதால் வரிசையும் நீளம். ஆயுள் கெட்டியாக இருப்பதும் ஒரு தகுதி ஆகிவிடுகிறது.

காலம் தாழ்வது என்னவென்று திருப்பதிக்குத் தெரியும். அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயில் அறை ஒன்றில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, 1922-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் பலவற்றுக்கு மெட்டமைத்தவர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. 1974-இல் கலாநிதி ஆன அவரைத் தேவஸ்தானம் ஆஸ்தான வித்வானாக்கிக் கௌரவித்தது 1979 மார்ச் 11-ஆம் தேதி. அன்றே அவர் காலமானார்.

2024-இல் டி.எம். கிருஷ்ணாவுக்குக் கலாநிதி என்றதும் வித்வான்கள் சிலர் மாநாட்டையே புறக்கணித்தார்கள். விவகாரம் கோர்ட் வரை போனது. கொடுத்ததற்கு அத்தனை ரகளை. சோமுவுக்குக் கொடுக்காததற்கு அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம் அவர் உயிரோடு இருந்தபோது எழுந்திருக்கலாம்.

இனி அவருக்கு அந்தப் பட்டம் இல்லை. விதியை வளைத்துக் கொடுக்கவும் வேண்டாம். மாநாட்டின் காலை வேளைகளில் சொற்பொழிவும் செயல்விளக்கமும் நடக்கின்றன. ஒரு காலையை நாயனா பிள்ளை, சித்தூரார், சோமு என்ற மூன்று தலைமுறைக்கு ஒதுக்கலாம், ஃபுல் பெஞ்ச் பக்கவாத்தியத்தோடு. அதையே திருப்பதிக் கல்லூரியும் செய்யலாம். சித்தூரார் முதல்வராக இருந்த இடம்தானே.