நாற்பது லிட்டருக்கு ஒரு லிட்டர்

நம் பேரங்காடிகளில் ‘மேப்பிள் சுவை’ என்று எழுதிய பாகுப் புட்டி கிடைக்கும். பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தால் சோளப்பாகும் வாசனைச் சாரமும்தான் இருக்கும். மேப்பிள் மரத்திலிருந்து வந்த சொட்டு அதில் இருக்காது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் 2023ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு பருவம் படிக்கப் போகும்வரை நானும் அதைத்தான் மேப்பிள் பாகு என்று நம்பியிருந்தேன்.

மார்ச் மாத நடுவில் உடன் படித்த தோழி, லனார்க் வட்டாரத்தில் உள்ள தன் தாத்தாவின் தோப்புக்கு என்னை அழைத்துச் சென்றாள். முழங்கால் அளவு பனி. இலை ஒன்றுகூட இல்லாத மரங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் மூடி போட்ட ஒரு தகர வாளி. உள்ளே ‘டொக், டொக்’ என்று சொட்டு விழும் ஓசை. அதைக் கேட்டதும் ஜொகூரில் இருக்கும் என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர்.

பால்மரத்தில் பட்டையைச் சீவ வேண்டும். மேப்பிளில் பட்டையைத் தாண்டி, மரத்துக்குள் விரல் பருமனுக்கும் குறைவான துளை ஒன்றைப் போடுகிறார்கள். ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர். இரவில் உறைநிலைக்குக் கீழே குளிரும்போது மரம் வேரிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பகலில் பனி உருகும்போது உள்ளழுத்தம் கூடி, துளை வழியாகச் சாறு வெளியே வருகிறது. இரவுக் குளிரும் பகல் வெப்பமும் இப்படி மாறி மாறி வரும் நான்கு முதல் ஆறு வாரங்கள்தாம் பருவம். மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும். அத்தோடு வாளிகளைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

தொடக்கத்தில் வடியும் சாற்றில்தான் வெளிர்பொன் நிறமுள்ள மென்மையான பாகு கிடைக்கும். நாள் போகப் போக நிறமும் சுவையும் அடர்த்தியாகும். ஆகவே துளை போடும் நாளைச் சரியாகக் கணிப்பதே அந்தப் பெரியவருக்குப் பெரிய சோதனை. மிக முந்திப் போட்டால் பருவம் முடியும் முன்பே துளை அடைபட்டுப்போகும். பிந்தினால் முதல் சாறு போய்விடும். முன்பெல்லாம் மார்ச்சில் துளை போட்டவர், குளிர்காலம் தடுமாறத் தொடங்கியபின் பிப்ரவரியிலேயே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவதாகச் சொன்னார்.

வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு கொடுத்தார். தண்ணீர்தான்! நன்றாகக் கவனித்தால் மெல்லிய இனிப்பு. அதில் சர்க்கரை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். அதனால்தான் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கிறது. ஒரு துளை ஒரு பருவம் முழுக்கத் தருவதே ஏறக்குறைய அந்த 40 லிட்டர்தான். சாறு பாலைப்போல் கெட்டுப்போகும் என்பதால் சேகரித்ததைத் தாமதிக்காமல் காய்ச்ச வேண்டும். விறகடுப்பில் அகலத் தட்டுகள். கொட்டகை நிறைய ஆவி. வெப்பம் 104 பாகைக்கு வந்ததும் பெரியவர் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார். சொட்டுச் சொட்டாக விழாமல் ஏடுபோல் சேர்ந்து வழிந்தால் அதுதான் பதம்.

“கடையில் வாங்கிக்கொள்ளலாமே, எதற்கு இத்தனை பாடு?” என்று கேட்டேன். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய 70 விழுக்காடு பக்கத்து மாநிலமான கியூபெக்கிலிருந்து வருகிறது. அங்குள்ள பெரிய தோப்புகளில் வாளிக்குப் பதில் குழாய்கள். உறிஞ்சி எடுக்க இயந்திரங்கள். விலை சரியாமலிருக்கக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறார்கள். அந்த இருப்பிலிருந்து 3,000 டன் அளவிலான பாகு திருடப்பட்டது 2012இல் தெரியவந்தது. மதிப்பு ஏறத்தாழ 18 மில்லியன் கனடிய டாலர்! அப்படிப்பட்ட தொழிலின் நடுவே அறுபது வாளி எம்மாத்திரம்?

பெரியவர் சிரித்தார். “நான் நிறுத்திவிட்டால் இந்த மரங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்” என்றார். எந்த மரம் முதலில் சொட்டும், எது அதிகம் இனிக்கும், எதற்கு இந்த ஆண்டு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார்.

அப்போது காலை பத்து மணி. நம் நாட்டில் இரவு பத்து. கைப்பேசியில் பாட்டியை அழைத்துத் தோப்பைக் காட்டினேன்.

“ஏம்மா, அது பாலா தண்ணியா?”

“தண்ணிதான் பாட்டி. கொஞ்சம் இனிக்கும்.”

சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அடுத்த வருசம் எந்தப் பக்கம் வெட்டுவாங்க?”

நான் மொழிபெயர்த்ததும் பெரியவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். துளை போட்ட இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மரம் மீண்டும் சாறு கடத்தாது; ஆகவே அடுத்த ஆண்டு சற்றுத் தள்ளிப் போட வேண்டும்; இப்படியே ஆண்டுதோறும் மரத்தைச் சுற்றி வர வேண்டும். குறுக்களவு 25 சென்டிமீட்டர் ஆகாத மரத்தைத் தொடவே கூடாது. அதற்கு நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இவற்றையெல்லாம் விளக்கினார். பாட்டி தலையாட்டினார். “நாங்களும் அப்படித்தான். காயம் பட்டுச்சுன்னா அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளராது. மரம் அடுத்த வருசமும் வேணும்ல?”

இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். நடுவில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டி ஒரு தோட்டத் தொழிலாளி என்று உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஒரு கலை தெரியும் என்று இருபத்திரண்டு வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஊர் திரும்பி இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் மறுத்தார். “அந்தத் தாத்தாவுக்கு மரம் சொந்தம். உன் பாட்டிக்கு மரமும் சொந்தமில்லை, மங்கும் சொந்தமில்லை, குடியிருந்த லயமும் சொந்தமில்லை” என்றார். உண்மைதான். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. தோட்டம் கைமாறியபோது வெளியேற வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கைக்கு இனிப்புத் தடவிப் பேச நான் வரவில்லை.

ஆனால் மேப்பிளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்தத் தொழிலை ஐரோப்பியருக்குக் கற்றுத்தந்தவர்கள் அனிஷினாபே போன்ற பூர்வகுடி மக்கள். சாற்றைப் பாகோடு நிறுத்தாமல் கட்டிச் சர்க்கரையாக்கி ஆண்டு முழுவதும் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய காடுகள் பறிபோயின. பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டிக்கப்பட்டனர். அப்பள்ளிகளில் கடைசியானவை மூடப்பட்டது 1990களில்தான். இத்தனைக்கும் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் வசந்தம் தொடங்கும்போது பிள்ளைகளை மேப்பிள் காட்டுக்கு அழைத்துப் போகின்றன. வேலையையும் அதற்குரிய சொற்களையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கின்றன. மரம் கைவிட்டுப் போனாலும் அதைப் பற்றிய அறிவைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் கழகம் விவாதம் நடத்துகிறது, கவிதைப் போட்டி நடத்துகிறது, பொங்கல் விழா எடுக்கிறது. நல்லதுதான். மங்கு, நிரை, காண்டா வாளி, ஒட்டுப்பால் ஆகிய சொற்களும் தமிழ்தானே? இவற்றைக் கையால் அறிந்த தலைமுறை நம் தாமான் வீடுகளின் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பருவ விடுமுறையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பால்மரம் வெட்டியவரிடம் ஒரு மணி நேரம் உட்காருவோம். கஷ்டத்தை மட்டும் கேட்காமல் கத்தியை எப்படிப் பிடித்தார், எந்தக் கோணத்தில் சீவினார், நல்ல மரத்தை எப்படி அறிந்தார் என்று கேட்டுப் பதிவு செய்வோம். முன்னாள் மாணவர்களே, உங்களில் பலர் பெற்றோருடன் வேலைக்காட்டுக்குப் போனவர்கள். உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே எழுதுங்கள். அடுத்த ஆண்டிதழில் அதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் கொடுத்தனுப்பிய கால் லிட்டர் புட்டியைப் பாட்டியிடம் தந்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “இதுக்கு எவ்வளவு தண்ணி?” என்று கேட்டார்.

“பத்து லிட்டர் பாட்டி.”

“அப்ப சிந்தாம ஊத்து.”