பல்லைப் பாருங்க டாக்டர், பில்லை விடுங்க

கொஞ்சம் காட்டமான பதிவு மக்களே. பல் டாக்டருங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா பின்னூட்டத்துல தாராளமா சண்டைக்கு வரலாம். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான், அதனால உரிமையோட திட்டறேன்.

எங்க தொழில்ல ரெண்டு கோஷ்டி இருக்கு.

முதல் கோஷ்டி, "நானே பாத்தாத்தான் சரியா இருக்கும்" கோஷ்டி. பேஷன்ட் வாயைத் திறந்துகிட்டு படுத்திருப்பார். இவருக்கு போன் வரும். கிளவுசைக் கழட்டி, "நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க"ன்னு அப்பாயின்ட்மென்ட் குடுப்பார் (சில பேர் கழட்டறதும் இல்லை, அது வேற கொடுமை). நடுவுல லேப்காரர்கிட்ட "கேப் எங்கேய்யா"ன்னு ஒரு சத்தம். பஞ்சு தீர்ந்துபோச்சுன்னு அவரே வண்டி எடுத்துகிட்டுப் போவார். ராத்திரி பத்து மணிக்குக் கல்லாவை எண்ணிட்டு வீட்டுக்குப் போனா புள்ளை தூங்கியிருக்கும். கேட்டா "சொந்தத் தொழில் சார், சுதந்திரம்" என்பார். எது சுதந்திரம்?

ரெண்டாவது கோஷ்டி, செமினார் கோஷ்டி. ஸ்டார் ஓட்டல்ல கோட்டு போட்ட ஆள் ஒருத்தர் பேசுவார். வெற்றின்னா பத்து கிளை, மாசத்துக்கு இத்தனை இம்பிளான்ட், டாக்டர் ஊர்ல இல்லாதப்பவும் கல்லா நிரம்பணும். கைதட்டிட்டு வந்து கடன் வாங்கி ரெண்டாவது கிளை திறப்பாங்க.

ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத் தங்களைக் கேட்டுக்காதவங்கன்னுதான் நான் சொல்றேன். "எனக்கு எது போதும்?" முதல் ஆளுக்கு அதைக் கேக்க நேரமில்லை. ரெண்டாவது ஆள் பதிலை அடுத்தவன்கிட்ட வாங்கிட்டு வந்துட்டார்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போன், பில்லு, லேப், ஸ்டாக்குன்னு தினம் 2 மணி நேரம் போகுதுன்னு வைங்க. வாரத்துல 6 நாள், 12 மணி நேரம். வருஷத்துக்கு 50 வாரம்னா 600 மணி நேரம். 10 மணி நேரத்தை ஒரு நாளா வெச்சா 60 வேலை நாள். நாலு வருஷம் பி.டி.எஸ். படிச்சு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் முடிச்ச ஆள், வருஷத்துல 60 நாள் ரிசப்ஷனிஸ்ட்டா இருக்கார். அந்த நேரத்துல ஒரு ரூட் கெனாலை அவசரமில்லாமப் பண்ணியிருக்கலாம். இல்ல, வீட்டுக்கே போயிருக்கலாம்.

அதனால முதல்ல ஒரு வெள்ளைத்தாள்ல உங்க வெற்றி எதுன்னு எழுதுங்க சாமி. என்னோடது இதுதான்: எட்டரை மணிக்கு ஷட்டர் இறங்கணும். ஞாயித்துக்கிழமை முழுசா வீட்டுக்கு. எனக்கு வந்தா என்ன வைத்தியம் பண்ணிப்பேனோ அதையே பேஷன்ட்டுக்கும் சொல்லணும். அதுக்கு ஒரு கிளினிக் போதும். உங்களோடது வேறயா இருக்கலாம். பத்து கிளையே உங்க ஆசைன்னாலும் சரி, ஆனா அது *உங்க* ஆசையா இருக்கணும்.

அடுத்தது, வேலையை ஒப்படைக்கிறது. இதுலதான் நம்மாளுங்க சறுக்குறாங்க.

1. வீட்டம்மாவைச் சம்பளம் இல்லாமக் கல்லாவுல உக்கார வெக்கிறது ஒப்படைக்கிறது இல்லை. உங்க சுமையில பாதியை அவங்க தலையில ஏத்தறது.

2. "அந்தப் பொண்ணு", "ஏம்மா இங்க வா"ன்னு கூப்பிட்டு, ஜவுளிக்கடை சம்பளம்கூடக் குடுக்காம, "ஆளே நிக்க மாட்டேங்குதுங்க"ன்னு புலம்பாதீங்க. நிக்காது.

3. எழுதிக் குடுங்க. "ஆட்டோகிளேவைப் பாத்துக்க"ன்னு சொன்னா யாருக்குப் புரியும்? 121 டிகிரின்னா 15 நிமிஷம், 134 டிகிரின்னா 3 நிமிஷம், அது சூடேறின பிறகு எண்ண வேண்டிய நேரம். டேப்பு நிறம் மாறிச்சுன்னா சூடு பட்டிருக்குன்னுதான் அர்த்தம், கிருமி செத்துச்சுன்னு இல்லை. அதுக்கு ஸ்போர் டெஸ்ட் தனி. இதையெல்லாம் சுவத்துல ஒட்டி, நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க.

4. அதிகாரமும் சேத்துக் குடுங்க. பஞ்சு வாங்க உங்ககிட்ட அனுமதி கேக்கணும்னா, வேலை இன்னும் உங்க தலையிலதான் இருக்கு.

5. வாரத்துக்கு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வரலை, லேப்ல என்ன நிக்குது, யார் பாக்கி, என்ன தீரப்போகுது. அஞ்சே கேள்வி.

"சின்ன கிளினிக்குங்க, ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் குடுக்க முடியும்"னு சொல்லுவீங்க. சரி, முதல்ல போனை மட்டும் குடுங்க. அடுத்த மாசம் லேப் நோட்டு. ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கச் சொல்லலை.

இப்ப செமினார் கோஷ்டிக்கு. எதை ஒப்படைக்கக் கூடாதுங்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு கதை இருக்கு. 'ஸ்மால் ஸ்மைல்ஸ்'னு குழந்தைகளுக்கான பல் கிளினிக்குகள், பல மாநிலங்கள்ல. நிர்வாகத்தைப் பாத்துகிட்டது ஃபோர்பாங்கற கம்பெனி. ஏழைகளுக்கான மெடிக்எய்ட் திட்டத்துல இருந்த குழந்தைகளுக்குத் தேவையில்லாம நரம்பு எடுத்து, ஸ்டீல் கேப் போட்டு அரசாங்கத்துக்கு பில் அனுப்பினாங்கன்னு குற்றச்சாட்டு. 2010 ஜனவரியில 2.4 கோடி டாலர் கட்டி சமரசம் பண்ணிகிட்டாங்க. அதே கிளினிக்குகளை நடத்தின அடுத்த கம்பெனியை 2014-ல 5 வருஷத்துக்கு மெடிக்எய்ட்ல இருந்தே தள்ளி வெச்சாங்க. நடுவுல 2013-ல செனட் கமிட்டி அறிக்கையும் வந்துச்சு. காகிதத்துல கிளினிக் டாக்டர் பேர்ல இருக்கு, உண்மையில கடிவாளம் கம்பெனி கையில இருக்குங்கறதுதான் அதோட சாரம்.

புரியுதா? போனைக் குடுக்கலாம், பில்லைக் குடுக்கலாம், ஸ்டாக்கைக் குடுக்கலாம். எந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம்ங்கற முடிவைக் குடுக்கக் கூடாது. "இந்த மாசம் கேப் கம்மியா இருக்கே டாக்டர்"னு மேனேஜர் கேக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து நீங்க டாக்டர் இல்லை, சேல்ஸ்மேன். அறுக்கற பல்லு திரும்ப முளைக்காது.

பல் டாக்டர் அல்லாத பதிவர் பெருமக்களே, உங்களுக்கும் இதுல வேலை இருக்கு. ஏன்னா சேர்ல படுக்கப்போறது நீங்கதான். ரூட் கெனால் வேணுமா வேண்டாமான்னு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லாம, ஏசி ரூம்ல உக்காந்திருக்கற மேனேஜர் தவணைத் திட்டத்தோட சொன்னா, எந்திரிச்சு வந்துடுங்க. வேற டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

டிஸ்கி: ஆடிட்டர் ஆபீஸ், தையல்கடை, டியூஷன் சென்டர் வெச்சிருக்கற நண்பர்கள் "பல்"லுக்குப் பதிலா உங்க தொழிலைப் போட்டுப் படிச்சுக்கோங்க. பெருசா மாறாது :-)