தூரத்தின் விலை

எங்கள் திருவல்லிக்கேணி வீட்டில் ஏனம் கழுவித் துணி துவைத்துத் தரும் அம்மையார், முன்பெல்லாம் நாங்கள் சுப்ஹு தொழுது தேநீர் அருந்தும் வேளையில் வந்துவிடுவார். கூவம் கரையிலிருந்து கால் மணி நேர நடைதான். பின்னர் அவர் வரும் நேரம் ஒன்பதைத் தாண்டலாயிற்று. சோம்பல் வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது நானும் மறுக்கவில்லை. விசாரித்த பிறகே விவரம் தெரிந்தது. அவர் குடியிருப்பது இப்போது பெரும்பாக்கத்தில்!

2015 டிசம்பர் பெருவெள்ளத்திற்குப் பின், கூவம், அடையாறு கரைகளில் வசித்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தென்கோடிக்கு அப்பால் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களைத் தொலைவிலிருந்து காண்போர், ஏழைக்கும் மாடி வீடு கிடைத்ததே என மகிழ்வர். அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆற்றங்கரைக் குடிசையை எவரும் சொர்க்கம் என்று சொல்லமாட்டார்கள். ஆயினும், வெள்ளத்திலிருந்து காக்கவென்று அழைத்துச் செல்லப்பட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில் அமைந்தது வேடிக்கைதான்.

1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலோ அதன் அண்மையிலோ அடுக்கு வீடுகள் கட்டித் தரும் வழக்கம் இருந்தது. நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைக்கான வீடு ஊருக்கு வெளியே நகர்ந்தது. 2000ஆம் ஆண்டில் துரைப்பாக்கத்தை அடுத்துக் கண்ணகி நகர் எழுந்தது, பிறகு செம்மஞ்சேரி, அதன் பின் பெரும்பாக்கம். வீடு சென்றது, பிழைப்பு நகரிலேயே நின்றுவிட்டது.

அம்மையார் போகவும் வரவும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் கழிக்கிறார். மாதம் 26 நாள் வேலை என்றால் 78 மணி நேரம்! 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பேருதவி. அந்த மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? முன்பு மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர், இன்று எங்கள் வீட்டை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறார். “அங்கேயே வேலை தேடக் கூடாதா?” என்று என் இல்லாள் கேட்டதற்கு, “பக்கத்து வீடு எல்லாம் எங்க மாதிரி வீடுதானேம்மா” என்றார்.

ஏழையும் செல்வனும் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்த மஹல்லாக்களில் வளர்ந்தவர்கள் நாம். நோன்புக் கஞ்சி வாங்க எல்லோர் வீட்டுத் தூக்குச் சட்டியும் ஒரே வரிசையில் நின்றது. அடுத்த வீட்டார் பசி நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் அடுத்த வீட்டில் இருந்தார் என்பதே. 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரின் பசியை அறிய வழியேது?

முகவரியும் ஒரு சுமையாகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் கண்ணகி நகர்ப் பெண்ணொருவர் ஆடினார். அப்போது அவ்வூர்ப் பெயரைப் பத்திரிகைகள் பெருமையுடன் அச்சிட்டன. மற்ற நாள்களில் அப்பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்போர் பலர்.

இப்போது எங்கள் வீட்டில் வேலை நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றியிருக்கிறோம். சென்ற வாரம் அம்மையார் தயங்கியபடி ஒரு படிவத்தை நீட்டினார். மகன் கடையொன்றில் வேலைக்கு மனுச் செய்கிறானாம். “உங்க வீட்டு விலாசத்தைப் போட்டுக்கட்டுமா பாய்?”

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சென்ற பின்னும் வெகுநேரம் மனம் ஆறவில்லை.